சுவரில் ஒரு கரிக்கோடு

நாம் பணியாற்றும் பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையின் சுவரில் முன்பு ஒரு கரிக்கோடு இருந்தது. தரையிலிருந்து சரியாக ஐந்தடி உயரத்தில் அதனைக் கிழித்தவர் நாமே. அரபியும் தமிழும் ஓதிய ஆசிரியனுக்கு அந்த அறையில் என்ன வேலை என்று நேயர்கள் வியக்கக்கூடும். 1997ஆம் ஆண்டு உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவர் இடத்திற்கு ஓராண்டுக் காலம் எவரும் நியமிக்கப்படவில்லை. ஆசிரியர்களுள் வயதில் இளையவர் நாம் என்பதனால், மாணவர்களை ஆயத்தம் செய்து போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு நம் தலையில் வந்து விழுந்தது.

உசிலம்பட்டி வட்டாரத்தை அறியாதார்க்கு ஒன்று கூறவேண்டும். இது சடுகுடுவையும் மஞ்சுவிரட்டையும் தாய்ப்பாலோடு பருகிய மண். ஹாக்கி இங்கே விருந்தாளியாய் வந்த ஆட்டம். தெற்கே கோவில்பட்டியில் தீப்பெட்டியைப் போலவே ஹாக்கியும் ஊரின் அடையாளம். நம் பள்ளியிலோ பழைய மட்டைகள் ஆறேழு கிடந்தன, அவ்வளவே. மற்றப் பிள்ளைகள் கருவேல மரத்தில் வளைந்த கிளையாய்ப் பார்த்து வெட்டிச் செதுக்கிக்கொண்டு வருவார்கள். கண்மாயில் நீர் வற்றிய மாதங்களில் அதன் உட்புறமே மைதானம்.

குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வந்தது. ஆட்டத்தின் நுட்பம் நமக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் அதிகாரம் கிடைத்தால் அவன் முதலில் தேடுவது ஓர் அளவுகோலை அன்றோ? நாமும் தேடினோம். சுவரில் கோட்டைக் கிழித்தோம். அதனைத் தலையால் தொட்டவர்கள் ஒருபுறம், தொடாதவர்கள் மறுபுறம். வேலை கால்மணி நேரத்தில் முடிந்தது. நேர்மையாகச் செய்தோம் என்ற மனநிறைவும் கிட்டியது.

தொடாதவர்களுள் ஒருவன் மட்டும் அறையை விட்டு அகலவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன். கோட்டுக்கும் அவன் தலைக்கும் இடையே அரைச் சாண் இடைவெளி. "பாய் சார், நான் நல்லா ஓடுவேன் சார்" என்றான். அவன் ஓடுவான் என்பதை நாமும் கண்டிருந்தோம். பெரிய பையன்களின் கால்களுக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டு, ஓணானைப் போல் அவன் நெளிந்து போவதைப் பன்முறை பார்த்திருக்கின்றோம். ஆயினும், "ஓடுவது வேறு, மோதுவது வேறு. நன்றாய் வளர்ந்துவிட்டு வா, பார்க்கலாம்" என்று கூறி அனுப்பிவிட்டோம். நெடிய பையன்கள் பதினொருவரோடு சென்று முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். அதன்பின் அந்நிகழ்ச்சியை நாம் மறந்தே போனோம்.

மறந்ததை நினைவூட்டியது 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றுக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க்கடையில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிப் பெருங்கூட்டம். "வாங்க பாய், நம்ம ஆளு ஆடுறாரு பாருங்க" என்று கடைக்காரர் இடம் ஒதுக்கித் தந்தார். இறுதியாட்டத்தில் இந்தியாவும் தென்கொரியாவும் பொருதின. இந்திய அணியின் தலைவரைப் பார்த்ததும் நமக்குத் திகைப்பு. ஒடிசலான தேகம், ஒட்டிய கன்னம், பிடரியில் புரளும் முடி. அருகில் நின்ற தடுப்பாட்டக்காரர்களோடு ஒப்பிட்டால், பனைமரங்களுக்கு நடுவே நட்ட கரும்பைப் போன்ற தோற்றம். ஆனால் பந்து அவர் மட்டையில் ஒட்டியதும் பனைமரங்கள் ஆட்டம் கண்டன. இருவர் மோதி வீழ்த்தினால் விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்தார். எழுந்த வேகத்தில் மறுபடியும் பந்தை நோக்கி ஓடினார். ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டி அடிகளில் இந்தியா வென்றது. 1966ஆம் ஆண்டில் இதே பாங்காக்கில் வென்ற பின், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய ஆசியத் தங்கம் அது. சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸும் அந்த அணியில் இருந்தார் என்பது நமக்கு இரட்டை மகிழ்ச்சி. அணித்தலைவர் பெயர் தன்ராஜ் பிள்ளை.

கடையிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி நம்மைத் துளைத்தது. அந்த மனிதர் சிறுவயதில் நம் பள்ளியில் படித்து, நம் கோட்டின் கீழ் நின்றிருந்தால், நாம் அவரைச் சேர்த்திருப்போமா?

அன்று முதல் அவரைப் பற்றிய செய்திகளை ஒன்றுவிடாமல் படித்துச் சேர்க்கலானோம். அவர் நம்மினும் ஓரிரு ஆண்டே மூத்தவர். 1968 ஜூலை 16ஆம் நாள் புணே நகரை ஒட்டிய கட்கியில் பிறந்தார். தந்தை நாகலிங்கம், தாய் ஆண்டாளம்மா. பிழைப்பு தேடி மராட்டிய மண்ணில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். தந்தை அவ்வூர் ஆயுதத் தொழிற்சாலையின் மைதானக் காவலர். வறுமை வீட்டில் நிலையாகக் குடியிருந்தது. ஆயினும் அந்த அன்னை தம் ஐந்து ஆண்மக்களையும் விளையாடாதே என்று தடுத்தாரில்லை. ஆடுங்கள் என்று அனுப்பினார். பிறர் எறிந்த முறிந்த மட்டைகளும் தேய்ந்த பந்துகளுமே பிள்ளைகளின் கருவிகள். சேறும் சகதியுமான தரையே பயிற்சிக்களம். சேற்றில் பந்தை உருட்டிப் பழகியவனுக்கு, மணிக்கட்டும் கண்ணும் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். நம் கண்மாய்ப் பிள்ளைகளின் வித்தையும் அதுவே. நாம் அதனை வித்தையென்று அறிந்தோமில்லை.

இளைஞன் தன்ராஜின் உள்ளத்தில் கொலுவிருந்தவர் வாரணாசியின் முகமது ஷாஹித். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியின் இளம் முன்னணி ஆட்டக்காரர் அவர், 2016இல் மறைந்தார். பந்தைக் காட்டி மறைத்து எதிரியை ஏமாற்றிச் செல்லும் அவரது ஆட்டத்தைக் கட்கிச் சிறுவன் சேற்றில் நின்று நகலெடுத்தான். எண்பதுகளின் நடுவில், மும்பைக் குழுவொன்றில் ஆடிய அண்ணன் ரமேஷ் தம்பியைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பின்னர் மகிந்திரா குழுவில் சேர்ந்து ஜோக்கிம் கார்வாலோவிடம் பயிற்சி பெற்றார். 1989 டிசம்பரில், டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியச் சட்டை அவர் உடம்பில் ஏறியது. 2004 ஆகஸ்ட் வரை அது இறங்கவில்லை.

அவர் களம் புகுந்த காலம் சிறிய உடம்புக்காரர்களுக்கு உகந்த காலமன்று. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை விரிக்கப்பட்ட நாளிலிருந்து ஹாக்கியின் தன்மையே மாறிப்போயிற்று. புல்தரையில் பந்து தத்தித் தத்தி வரும். அதனை அடக்கி ஆள மணிக்கட்டின் நளினம் வேண்டும். செயற்கைத் தரையிலோ பந்து அம்பெனச் சீறி வரும். ஆள்பலமும் மூச்சுப்பலமும் உடையவர்கள் நெடுந்தொலைவு அடித்து அடித்தே ஆட்டத்தைக் கைப்பற்றலாம். ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் இதில் ஓங்கினர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 'ஆஃப்சைடு' விதியும் நீக்கப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய தரைகள் அருமையாக இருந்தன. ஒவ்வொன்றின் விலையும் மலைக்க வைத்தது. "இனி உடற்கட்டு உள்ளவனுக்கே ஹாக்கி" என்ற பேச்சு எங்கும் எழுந்தது. நமது கரிக்கோட்டைப் போல உலகமே அன்று ஒரு கோடு கிழித்து வைத்திருந்தது.

அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றே தன்ராஜ் 339 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராபி என ஆடியவர் அவர். 1994ஆம் ஆண்டு சிட்னி உலகக் கோப்பைக்குப் பின் அமைத்த உலக அணியில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றவர் அவர் ஒருவரே. 2002இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் சிறப்பைப் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு; இந்தியா வாங்கியதோ நான்காம் இடம். லண்டனின் இந்தியன் ஜிம்கானா, பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் கிக்கர்ஸ், டாக்காவின் அபாகனி, மலேசியக் குழுக்கள் என்று ஊர் ஊராகச் சென்று கூலிக்கு ஆடினார். கூலிக்கு என்று நாம் எழுதுவது இழிவாக அன்று. காலும் மட்டையும் முதலாக, ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட உழைப்பாளி அவர். அயல்நாட்டுக் குழு ஒருவனுக்குப் பணம் கொடுப்பது அவன் உயரத்தைப் பார்த்தன்று. அவனால் கோல் விழுமா என்பதைப் பார்த்து.

அரபி நாளேடுகளில் முன்னணி ஆட்டக்காரரை 'முஹாஜிம்' என்று எழுதுவார்கள். 'ஹுஜூம்' என்றால் பாய்ந்து தாக்குதல். அதனைச் செய்பவன் முஹாஜிம். நாம் மாணவர்களுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும்போது இதனோடு 'ஸப்ர்' என்னும் சொல்லையும் சேர்த்தே சொல்வதுண்டு. பொறுமை என்று தமிழில் பெயர்க்கின்றோம். அதன் வேர்ப்பொருள் கட்டுப்படுத்தி நிறுத்துதல். தடுப்பாட்டக்காரன் காலில் அடிப்பான், தோளால் இடிப்பான். நடுவர் காணாதபோது வேறும் செய்வான். கோல் வட்டத்துக்குள் நுழையும் சிறிய மனிதன் அடியை வாங்கியும் பந்தை விடாதிருக்க வேண்டும். விழுந்தாலும் பெனால்டி கார்னரையாவது அணிக்கு வாங்கித் தரவேண்டும். பாய்தலும் தாங்குதலும் ஒருவனிடமே கூடினால் அவனே முழுமையான முஹாஜிம்.

இக்கதை ஹாக்கிக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த கனடாவின் பனித்தரை ஹாக்கியிலும் இதற்கு ஓர் இணை உண்டு. அங்கே ஆட்டக்காரர்கள் இரும்புச் சறுக்குகளில் விரைந்து வந்து ஒருவரையொருவர் மதிற்பலகையில் மோதி நசுக்குவது விதிக்கு உட்பட்டது. அந்த ஆட்டத்தில் தியோ ஃபிளூரி என்றொருவர். உயரம் 5 அடி 6 அங்குலம். 1987ஆம் ஆண்டு குழுக்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது 165 பேரை எடுத்த பின்னரே அவர் பெயரை அழைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1989இல், கால்கரி குழு வென்ற ஸ்டான்லி கோப்பையில் அவருக்கும் பங்கு இருந்தது. பிற்பாடு 2002இல் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கமும் வென்றார். முன்னர் எடுக்கப்பட்ட அந்த 165 பேரில் எத்தனை பெயர்களை உலகம் இன்று நினைவில் வைத்திருக்கிறது?

கடுகின் காரத்தைப் புகழ்ந்து பேசி இத்துடன் நிறுத்துவது எளிது. ஆனால் தன்ராஜின் வாழ்வில் கசப்பான பகுதியும் உண்டு. அதனை மறைத்தால் நாம் உண்மைக்கு வஞ்சனை செய்தவராவோம். பாங்காக் தங்கத்தோடு திரும்பிய அணியில் அவரும் வேறு சில மூத்த ஆட்டக்காரர்களும் அடுத்த தொடருக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. களைப்புத் தீர ஓய்வு தந்தோம் என்றது இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு. ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு வாய் திறந்தமைக்குத் தண்டனை இது என்று நாடு பேசிக்கொண்டது. அவர் அடித்த கோல்களுக்குக் கூட்டமைப்பிடம் முறையான கணக்கும் இல்லை. ஏறத்தாழ 170 என்று பிறர் கூட்டிச் சொல்கிறார்கள். பதினைந்து ஆண்டுகள் நாட்டுக்காக ஓடியவனின் கோல்களை எண்ணிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

அவரும் குறையில்லாதவர் அல்லர். காலில் விழுந்த அடியைத் தாங்கினார். மனத்தில் விழுந்ததைத் தாங்கினாரில்லை. நினைத்ததைச் சுடச்சுடச் சொல்லிவிடுவார். அதனால் பகை வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. ஒரு கோல் முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள்கூட இல்லாத வேளையில் கோல் வாங்கிச் சமனில் முடித்தது. அன்று அந்த வீரர் சிறு பிள்ளையைப் போல் அழுதார். அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியா ஏழாம் இடத்துக்கோ எட்டாம் இடத்துக்கோ மேலே ஏறவே இல்லை. 2003இல் அவர் தலைமையில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று ஆசியக் கோப்பையைக் கொணர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் கடைசி ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே. அத்துடன் முடிந்தது.

2007இல் சந்தீப் மிஸ்ரா அவரது வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 'என்னை மன்னித்துவிடு அம்மா' என்னும் பொருள்படும் தலைப்பு. ஆசியத் தங்கமும் கேல் ரத்னா விருதும் பெற்ற மகன் அன்னையிடம் மன்னிப்புக் கேட்பதாக அல்லவா அந்நூலின் முகப்பே நிற்கிறது! ஒலிம்பிக் பதக்கம் ஒன்றை அந்த மடியில் வைக்க முடியவில்லையே என்ற ஏக்கம் அதில் ஒலிப்பதாக நமக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு எங்கோ இருக்க, கேட்பவர் அவராக இருக்கின்றார் என்றும் பட்டது. நாமும் ஒருவனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருப்பது அப்போது உறைத்தது. ஆனால் அந்தப் பையன் எங்கே போனான் என்பதை அறியோம்.

2025 நவம்பர் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியது. உலகத்து இளைஞர்கள் நம் மதுரையில் ஆடுகின்றார்கள் என்றால் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க இயலுமா? டிசம்பரின் முதல் வாரத்தில், இப்போதுள்ள உடற்கல்வி ஆசிரியரும் நாமும் மாணவர்கள் பதினெட்டுப் பேரை வாடகை வேன் ஒன்றில் அழைத்துச் சென்றோம். வேன் ஓட்டி வந்தவர் காதோரம் நரைத்த குட்டையான மனிதர். மைதானத்தில் பிள்ளைகளைவிட அவரே ஆட்டத்தில் ஆழ்ந்து, கம்பி வேலியைப் பற்றியபடி, பந்து போகும் பக்கமெல்லாம் தம் உடலைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் செக்கானூரணியில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினார். கோப்பையை நம் கையில் கொடுத்துவிட்டு, "பாய் சார், என்னையத் தெரியலையா சார்?" என்றார். தெரிந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த முகத்தில் ஏறியிருந்தனவே தவிர, உயரத்தில் அதிகம் ஏறவில்லை.

"வளந்துட்டு வான்னு சொன்னீக. எங்க வீட்டுப் புளியமரத்துல தெனமும் காலையில தொங்குனேன் சார். தொங்குனா வளரலாம்னு ஒருத்தன் சொன்னான். ஒரு வருசம் தொங்குனேன். கையெல்லாம் காப்புக் காச்சுப்போச்சு. அப்புறம் அப்பாவுக்கு முடியாமப் போச்சு, திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

நாம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணவனிடம் கேட்பது வழக்கமில்லை, ஆயினும் கேட்டோம். அவர் பதறிப்போய், "அட விடுங்க சார், அது எந்தக் காலம்!" என்று நம் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் வண்டியில் ஏறிய பிறகு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருகுமுன், நம்மைப் பாராமல் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "ஒரே ஒரு தடவ எறக்கிவிட்டுப் பாத்திருக்கலாம் சார்."

மறுநாள் அந்த அறைக்குச் சென்றோம். எத்தனையோ முறை வெள்ளையடித்த சுவரில் கோடு எங்கே இருந்தது என்று நம்மாலேயே சுட்டிக்காட்ட இயலவில்லை. ஒருவனின் உயரத்தையும் எடையையும் அளந்துவிடலாம். விழுந்தால் எழுவானா, எழுந்தால் மீண்டும் ஓடுவானா என்பதை அளக்க ஆடுகளத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. இதனை அறிந்துகொள்ள நமக்கு இருபத்தெட்டு ஆண்டுகளும், தன்ராஜ் என்னும் மனிதரின் வாழ்வும், ஒரு பையனின் காய்த்துப்போன கைகளும் தேவைப்பட்டன.

அதன்பின் நடந்த அணித் தேர்வில், உடற்கல்வி ஆசிரியரின் இசைவோடு நாமும் மைதானத்தில் நின்றோம். பெயர் கொடுத்த அத்தனை பேரையும் ஆடவிட்டோம். பொழுது சாய்ந்துவிட்டது. மட்டையே தன் மார்பளவு இருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தான். இரண்டு முறை விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் கலைந்த பின் அவன் நம்மிடம் வந்து, புழுதி படிந்த முகத்தைச் சட்டையில் துடைத்தபடி கேட்டான்:

"அடுத்த தேர்வு எப்ப சார்?"